குழாய் வைக்காவிட்டால் அம்மாவைப் பட்டினி போட்டதாகிவிடுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 83 வயது. ஒன்பது வருடமாக டிமென்ஷியா. படுத்த படுக்கைதான், பேச்சு நின்றுவிட்டது, எங்களை அடையாளம் தெரியவில்லை. புரையேறி இரண்டாவது முறையாக நிமோனியா. மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று கையைக் கட்டியிருக்கிறார்கள். வயிற்றில் துளை போட்டு ‘பெக்’ குழாய் வைக்கலாம் என்கிறார் டாக்டர். சென்னையிலிருக்கும் அண்ணனோ, “வெச்சே ஆகணும், பட்டினி போடுவியா?” என்கிறார். என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ‘பெக்’ வேண்டாம் என்பேன்.

புரையேறுவதைக் குழாய் தடுக்கும் என்றுதான் பலரும் நம்புகிறோம். தடுப்பதில்லை. வாயில் ஊறும் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கத்தான் செய்யும். வயிற்றில் ஊற்றிய கஞ்சியும் எதுக்களித்து மேலே வரும். முற்றிய டிமென்ஷியாவில் குழாயால் ஆயுள் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. படுக்கைப்புண் அதிகமாகலாம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-லேயே குழாய்க்குப் பதில் கையால் ஊட்டுவதைப் பரிந்துரைத்தது.

அதற்கு முன் ஒன்று. வாய்ப்புண், பல்வலி, மலச்சிக்கல், இரவில் கொடுக்கும் தூக்க மாத்திரை, அம்மா சரியாகச் சாப்பிடாததற்கு இவற்றில் எதுவும் காரணமில்லையே என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையைக் குறைத்ததும் வாய் திறந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு.

ஊட்டும்போது நன்றாக விழித்திருக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, குழைந்த சாதமோ கெட்டியான ராகிக் கூழோ டீஸ்பூனில் பாதி. விழுங்கினாரா என்று பார்த்துத்தான் அடுத்த வாய். தண்ணியாக இருப்பதுதான் சுலபமாகப் புரையேறும். முடிந்தபின் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள். முகத்தைத் திருப்பினால் அந்த வேளை அவ்வளவுதான், வற்புறுத்த வேண்டாம். நோயின் இந்தக் கட்டத்தில் பசியே மங்கிவிடும்; நாம் பட்டினி கிடப்பதுபோல அவருக்கு இருக்காது. இப்படி ஊட்டினாலும் நிமோனியா திரும்ப வரலாம் என்பதையும் அண்ணனிடம் மறைக்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் விடவும் நிறுத்தவும் உச்ச நீதிமன்றம் 2018-ல் வழிகாட்டி, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் ஆணை போட்டது. மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பேலியேட்டிவ் கேர் (நோயாளியின் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சை) டாக்டரை வரவழைக்கச் சொல்லி, அண்ணனையும் வீடியோ காலில் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் பாட்டியோ தாத்தாவோ கடைசியில் படுத்துக் கிடந்தபோது அம்மா என்ன சொன்னார் என்று இருவருமே யோசித்து வாருங்கள்.

முடிந்தால் அண்ணனை நேரில் வரவழைத்து, ஒருவேளைச் சாப்பாட்டை அவர் கையாலேயே ஊட்டச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆகும்.