இறங்கிய முதல் நாள்: பர்ஸ் எங்கே ஓட்டையாகிறது?

புது ஊருக்குச் சிக்கனமாகப் போய்வர நினைக்கும் தம்பதிகளின் கேள்விகள் இந்த முறை. எல்லாமே முதல் நாள் பற்றியவை.

கேள்வி: காலை 7 மணிக்கே போய் இறங்கிவிடுவோம். அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் என்கிறது ஹோட்டல். முந்தின இரவுக்கும் சேர்த்து அறை போட்டுவிடலாம் என்கிறார் கணவர். சரியா?

பதில்: ஒரு குளியலுக்கு ஒரு நாள் வாடகையா? வேண்டாம். கைக்குழந்தையோ உடம்பு முடியாதவரோ கூட வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

2 மணி என்பதற்குக் காரணம், முந்தைய ஆட்கள் 11 அல்லது 12 மணிக்குத்தான் காலி செய்கிறார்கள்; அதன் பிறகு சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் முந்தின இரவு யாரும் தங்காத அறை காலையிலேயே தயாராகத்தான் இருக்கும். அதைப் பிடிப்பது நீங்கள் கேட்கும் விதத்தில் இருக்கிறது. ‘சீக்கிரம் அறை தருவீர்களா?’ என்று கேட்டால் அதற்கென்று ஒரு கட்டணம் சொல்வார்கள். முந்தின நாள் மாலை இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘காலை 7.30-க்கு வருகிறோம். பெட்டிகளை வைத்துவிட்டு வெளியே போகிறோம். அறை தயாரானதும் சொன்னால் போதும்.’ பெட்டி வைத்துக்கொள்ளப் பெரும்பாலான ஹோட்டல்களில் காசு வாங்குவதில்லை. எந்த அறையை முதலில் கூட்டுவது என்று முடிவு செய்யும்போது உங்கள் பெயரும் அவர்கள் கண்ணில் இருக்கும். 12 மணிக்கே அழைப்பு வந்தாலும் ஆச்சரியமில்லை.

வரவேற்பறையில் பெரிய பெட்டியைப் பிரித்து உள்ளாடை தேடும் காட்சி பலருக்கும் பழக்கமானது. அதைத் தவிர்க்க, கிளம்பும்போதே ஒரு சின்னப் பை தனியாக இருக்கட்டும்: ஆளுக்கு ஒரு மாற்று உடை, பல் துலக்கும் சாமான், துண்டு, மருந்து, சார்ஜர். பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் எப்போதும் உங்களோடுதான். வைத்துவிட்டுப் போகும் பெட்டிக்குள் அல்ல.

வரவேற்பறையே இல்லாத வாடகை வீடு என்றால் லாக்கர்தான் வழி. அளவுக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாறும். நடுத்தர அளவுப் பெட்டிகள் இரண்டும் ஒரே பெரிய லாக்கரில் அடங்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டு தனி லாக்கரை விட அது மலிவாக வரலாம். ஆள் இருந்து வாங்கி வைக்கும் இடமானால் எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று கேட்காமல் நகராதீர்கள்.

அந்த ஏழு மணி நேரத்துக்கு அரை மணி நடைக்குள் இருக்கும் பூங்கா, ஆற்றங்கரை, சந்தை போதும். நேரம் குறித்த நுழைவுச்சீட்டு எதையும் முதல் நாளுக்கு வாங்காதீர்கள். வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் சீட்டு வீண். பணமும் பெரும்பாலும் திரும்பாது. இறங்கும் நாள் திங்கள் என்றால் இன்னும் கவனம். பல நகரங்களில் அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை.

கேள்வி: வெளிநாட்டு விமான நிலையத்தில் பணம் மாற்றினால் நஷ்டம் என்கிறார்கள். ஏ.டி.எம்.மில் எடுத்தாலும் பிடித்துக்கொள்கிறார்களே?

பதில்: இரண்டுமே உண்மை. பிடிப்பதை எப்படிக் குறைப்பது என்று பார்ப்போம்.

‘கமிஷன் இல்லை’ என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில்தான் அவர்கள் லாபம். பலகையில் அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் கமிஷனும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏ.டி.எம்.மில் தொகையை அழுத்தியதும் பல எந்திரங்கள் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, இந்த ஊர்ப் பணத்திலா? முதலாவது பெரிய எழுத்தில், பளிச்சென்ற பச்சைப் பொத்தானில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். தொட்டால் மாற்று விகிதத்தை எந்திரக்காரர் வைப்பார், தன் பங்கையும் அதில் சேர்த்து. ‘மாற்றம் வேண்டாம்’ என்று அழுத்தினால் பணமே வராது என்று பயந்து பலர் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். வழக்கமாகப் பணம் வரத்தான் செய்யும். உங்கள் அட்டை நிறுவனத்தின் விகிதத்தில் கணக்காகும், பெரும்பாலும் அதுதான் உங்களுக்கு லாபம். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நிலையான கட்டணம் உண்டென்றால், மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதை விட மூன்று நாளுக்கானதை ஒரே முறை எடுப்பது நல்லது. எடுத்த பணத்தைப் பாதிப்பாதியாக இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகளும் அப்படியே: ஒருவர் பர்ஸ் தொலைந்தால் இன்னொருவரிடம் வேறு அட்டை இருக்க வேண்டும்.

கேள்வி: பேருந்து, மெட்ரோவுக்கு நாள் பாஸ் லாபமா?

பதில்: பாஸ் விலையை ஒற்றைச் சீட்டின் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை நாலரை என்றால் ஐந்தாவது பயணத்திலிருந்துதான் லாபம். முதல் நாள் களைப்பில் மூன்று முறைக்கு மேல் ஏறுவது அபூர்வம்.

வாங்குவதாக இருந்தால் ‘24 மணி நேரமா, இன்று ஒரு நாளா’ என்று கேளுங்கள். மாலை 4 மணிக்கு வாங்கிய ‘நாள்’ பாஸ் அன்றிரவு சேவை முடியும்போதே காலாவதியாகிவிடலாம். 24 மணி நேரப் பாஸ் மறுநாள் மாலை 4 வரை ஓடும். விமான நிலையத் தடம் பாஸில் சேராத நகரங்களும் உண்டு.

வங்கி அட்டையைத் தட்டிப் பயணிக்கும் பல ஊர்களில் இருவரும் ஒரே அட்டையைத் தட்ட முடியாது என்பதைப் பலர் வாசலில் நின்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஆளுக்கொரு அட்டை வேண்டும். காலையில் அட்டை, மாலையில் அதே அட்டை ஏற்றிய போன் என்று மாற்றித் தட்டினாலும் வம்பு. கணினி அவற்றை இரண்டு ஆட்களாக எண்ணும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்புச் சலுகை கைநழுவும்.

கேள்வி: மலிவு அறை என்றாலே மூட்டைப்பூச்சி பயம். சாவி வாங்கியதும் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். குளியலறைக்குள் வைத்துவிட்டு வாருங்கள். தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உருவி, மெத்தையின் விளிம்புத் தையலைப் போன் டார்ச்சில் பாருங்கள். மை பேனா முனையால் தொட்டுத் தொட்டு வைத்தது போலக் கருநிறப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது பூச்சியின் எச்சம். ஈரத் துணியால் தேய்த்தால் மை போலவே இழுபடும். வளர்ந்த பூச்சி 4, 5 மில்லிமீட்டர் நீளம், தட்டை, செம்பழுப்பு, கண்ணால் பார்க்கலாம். மெத்தையில் இல்லையென்றால் தலைமாட்டுப் பலகையின் பின்புற இடுக்கையும் பாருங்கள். தடயம் கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு வேறு அறை கேளுங்கள், ஆனால் பக்கத்து அறையோ நேர் மேலே கீழே உள்ளதோ வேண்டாம். பூச்சி சுவர் இடுக்கு வழியாகவே போய்வரும்.

இன்னொன்று, முன்பணம். வரவேற்பறையில் வைப்புத்தொகைக்கு டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் கணக்கிலுள்ள சொந்தப் பணம் முடங்கும். காலி செய்த பிறகு விடுபடச் சில நாட்கள் ஆகலாம். சிக்கனப் பயணத்தில் அது பெரிய அடி. கிரெடிட் கார்டில் வரம்பு மட்டும்தான் குறையும்.

கேள்வி: முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிறாள் மனைவி. எனக்குக் கால் வலி. கடைசியில் சண்டை.

பதில்: வரைபடம் சொல்லும் நடை நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். அவர் வேடிக்கை பார்க்கும் நேரத்தையும் நீங்கள் உட்காரும் நேரத்தையும் செயலி கணக்கில் சேர்ப்பதில்லை. ஆளுக்கு ஓர் இடம், மொத்தம் இரண்டு, அவ்வளவுதான் அன்றைக்கு. சாப்பிடும் நேரத்தை முன்பே குறித்துவிடுங்கள். பசித்த பிறகு உணவகம் தேடினால் கண்ணில் படும் முதல் இடத்துக்கே போவீர்கள், சுற்றுலாத் தலத்து வாசலில் அது பெரும்பாலும் விலை கூடியதாகவே இருக்கும். வழி பார்ப்பது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். நகர வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். இடம் காட்டும்.

கேள்வி: அலைந்து களைத்தும் முதல் இரவு தூக்கமே வருவதில்லை. ஏன்?

பதில்: நேர வித்தியாசமே இல்லாத ஊரிலும் இது நடக்கும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்து முதல் இரவின் ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்குவதில்லை என்று கண்டார்கள். சின்னச் சத்தத்துக்கும் அது விழித்துக்கொள்கிறது. காவல் காக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரவுகளில் சரியாகிவிடும். காதடைப்பானும், வீட்டுத் தலையணை உறை ஒன்றும் எடுத்துப் போனால் கொஞ்சம் உதவும்.

நேர வித்தியாசமும் சேர்ந்தால், மேற்கே போவதை விடக் கிழக்கே போவது கடினம். நம் உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று பெரும்பாலோருக்கு 24 மணியை விடச் சற்றே நீளம். தள்ளித் தூங்குவது அதற்கு எளிது, முந்தித் தூங்குவது சிரமம். பகலில் கண் சொருகினால் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள், அதுவும் 3 மணிக்கு முன். பிற்பகலில் காபி வேண்டாம். குடித்து 5 மணி நேரம் கழித்தும் அதிலுள்ள காஃபினில் ஏறத்தாழப் பாதி உடம்பில் இருக்கும். மறுநாள் 10 மணிக்கு முன்னால் எந்தச் சீட்டையும் பதிவு செய்யாதீர்கள்.