எல்லா இடத்திலும் ±0.01 எதற்கு?

கேள்வி: கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்து மோனோபிளாக் பம்ப் செய்கிறேன். எங்கள் பழைய ஷாஃப்ட் டிராயிங்கில் எல்லா அளவுக்கும் டாலரன்ஸ் (கூடக் குறைய விடும் அளவு) ±0.01 மி.மீ. என்றே இருக்கிறது. கிரைண்டிங் கூலியும் ரிஜெக்‌ஷனும் கட்டுப்படியாகவில்லை. எவ்வளவு தளர்த்தலாம்?

பதில்: டிராயிங் உங்களுடையது, தைரியமாகக் கை வைக்கலாம். ஆனால் ஒரு இடத்தைத் தளர்த்தக் கூடாது. இன்னும் இறுக்க வேண்டும்.

அது பேரிங் உட்காரும் இடம். 6305 பேரிங்கின் துளை 25 மி.மீ.; சாதாரணத் தரத்தில் அது 24.990 முதல் 25.000 வரை வரும். உங்கள் ±0.01 கணக்குப்படி 24.990 ஷாஃப்ட்டும் பாஸ். 25.000 துளையில் அது லூசாக நிற்கும். ஓட ஓட இன்னர் ரேஸ் (பேரிங்கின் உள்வளையம்) ஷாஃப்ட் மேல் நழுவிச் சுற்றி, உட்காரும் இடத்தையே தின்றுவிடும். கிணற்றுமேட்டில் மோட்டார் இரையத் தொடங்கி, விவசாயி உங்களுக்குப் போன் போடுவார். இங்கே கே6 (k6) என்ற ஷாஃப்ட் டாலரன்ஸ் வகுப்பைப் போடுங்கள்: 25.002 முதல் 25.015 வரை. 13 மைக்ரான் (0.013 மி.மீ.) தான் இடம். கிரைண்டிங் கூலியை இதற்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கிரைண்டிங் முடிந்த சூட்டோடு மைக்ரோமீட்டர் வைக்காதீர்கள். 20 டிகிரி சூடு ஏறினாலே 25 மி.மீ. இரும்பு 6 மைக்ரான் அளவுக்குப் பருக்கும். சூட்டில் சரியாக இருந்த பீஸ், ஆறியதும் அளவு குறைந்துவிடும். உங்கள் ரிஜெக்‌ஷனில் ஒரு பங்கு இதனாலேயே வரலாம்.

ரோட்டார் பிரஸ் ஆகும் இடம், சீல், இம்பெல்லர் உட்காரும் இடங்களுக்கும் தனித்தனி ஃபிட் (எவ்வளவு இறுக்கம் அல்லது தளர்வு என்பது) கொடுங்கள். மற்றவை எதனோடும் சேராத அளவுகள். ஷாஃப்ட்டின் மொத்த நீளத்துக்கு ±0.01 எதற்கு? 0.02 வரை மட்டுமே காட்டும் வெர்னியரில் அதை அளக்கவே முடியாதே! தனியாக டாலரன்ஸ் குறிக்காத அளவுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 2768 தரத்தின் மீடியம் வகுப்பில் 120 முதல் 400 மி.மீ. வரை ±0.5 உண்டு. லேத்தோடு வேலை முடிந்துவிடும்.

அப்புறம், இம்பெல்லர் முன்பின் நகரும் இடைவெளி. நான்கு பாகங்கள் சேர்ந்து ±0.2 வரை தாங்கும் என்று வைப்போம். ஆளுக்கு ±0.05 என்று சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. சி.என்.சி.யில் கடையும் இரண்டுக்கு ±0.03 கொடுத்தால் அதிகச் செலவாகாது. வார்ப்பில் ஃபேசிங் செய்யும் இரண்டுக்கும் ±0.07 கிடைக்கும். இறுக்கினால் எங்கே கூலி எகிறுகிறதோ அங்கே தாராளமாக விடுங்கள்.

டிராயிங்கைத் திருத்தும் முன் ஒவ்வொரு முக்கிய அளவிலும் 30 பீஸ் அளந்து, திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) பாருங்கள். நீங்கள் தரும் மொத்த டாலரன்ஸ் அதைப் போல 8 மடங்காவது இருந்தால் அந்த மெஷினை நம்பலாம். வெளியே ஜாப் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால், அவர் மெஷினில் வந்த 30 பீஸை அளக்க வேண்டும்.