பேரன் நடிக்கிறானா?

கேள்வி: என் பேரனுக்கு 9 வயது. பின்னேரம் வெயிலில் விளையாடிவிட்டு வந்தால், எங்கள் ஃபிளாட்டின் இருட்டுப் படிக்கட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறான். கரண்ட் போனாலும் அதே கதை. ஆனால் விடியப்புறம் 3 மணிக்கு லைட் போடாமலே பாத்ரூம் போய் வருகிறான்! விழித்திரையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்காம். ‘ஆர்டிஎச்5’ என்ற நொதியக் குறைபாடாக இருக்கலாம் என்கிறார் டொக்டர். தினமும் கரட் ஜூஸ் கொடுக்கிறோம். விற்றமின் ஏ குளிசையும் தொடங்கட்டுமா?
- ஓர் அம்மம்மா, வெள்ளவத்தை

பதில்: அம்மா, பையன் நடிக்கவில்லை. அந்த 3 மணி விஷயத்தை டொக்டரிடம் சொன்னீர்களா? கட்டாயம் சொல்லுங்கள்.

மங்கலான ஒளியைப் பிடிக்கும் ரொடொப்சின் என்ற கண் நிறமிக்குள் 11-சிஸ் ரெட்டினல் என்ற, வளைந்த வடிவிலான விற்றமின் ஏ இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது நிமிர்ந்துவிடும். ஒருமுறை அடித்த எலிப்பொறியைத் திரும்ப இழுத்துப் பூட்டுவதுபோல, அதை மறுபடி வளைத்து வைக்க வேண்டும். வளைப்பது ஆர்பிஈ65 என்ற நொதியம். அதற்கடுத்த கடைசி வேலை ஆர்டிஎச்5 உடையது. அது பழுதானால் வேறு நொதியங்கள் அந்த வேலையை ஆறுதலாகச் செய்யும். வெளிச்சத்திலிருந்து வந்த நமக்கு இருட்டு முழுதாகப் பழக அரை மணித்தியாலம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். அவனுக்குப் பல மணித்தியாலம். இரவு படுத்த பையனுக்கு 3 மணிக்குக் கண் தெரிவது அதனால்தான்.

ஆர்டிஎச்5 நொதியத்தை உருவாக்கும் மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1999இல் தெரியவந்தது. ஈஆர்ஜி (வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின்சைகையை அளப்பது) பரிசோதனை செய்தால், வழக்கமான 20 நிமிட இருட்டோடு நிறுத்தாமல், சில மணித்தியாலம் இருட்டில் வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். வெண்புள்ளியோடு வரும் இன்னொரு நோய் பார்வையைப் படிப்படியாகக் கெடுக்கும் என்பதால் மரபணுப் பரிசோதனையும் நல்லது.

கரட் ஜூஸ்? விற்றமின் குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு உதவும், இதற்கு உதவாது. மிஞ்சிப்போனால் உள்ளங்கை மஞ்சளாகும், பயமில்லை. குளிசை அப்படியில்லை: அளவு மீறினால் ஈரல் பழுதாகும், மண்டைக்குள் அழுத்தம் கூடும். இரத்தத்தில் விற்றமின் ஏ குறைவென்று தெரிந்தாலொழிய வேண்டாம்.

மருமகன் பக்கத்து வியாதி என்று தொடங்கிவிடாதீர்கள்! அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் இது வரும். அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இது கூடுவதில்லை. சிலருக்கு வயது போகப்போக நடுப்பார்வையும் குறைவதுண்டு, ஆகவே வருடம் ஒருமுறை காட்டுங்கள். டியூஷன் முடிந்து பொழுதுபட்டு வருபவன் என்றால் பையில் சின்ன டோர்ச் ஒன்று போட்டுவிடுங்கள்.