“ஒப்புரவாதல்” என்று கிறிஸ்தவ சபையில் சொல்கிறார்களே, அது என்ன?

கசந்துபோன உறவைச் சரிசெய்துகொள்வதுதான் ஒப்புரவாதல். கடவுள் தன்னை மன்னித்தார் என்று நம்புகிறவர் அடுத்தவரை மன்னிக்க மறுத்தால் அந்த நம்பிக்கைக்கே பொருளில்லை. அதனால்தான் பைபிளில் மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு நம்மேல் மனத்தாங்கல் உள்ளவரிடம் முதலில் போய்ச் சமாதானம் செய்துகொள்ளச் சொல்கிறார். கவனியுங்கள், அங்கே மனத்தாங்கல் எதிராளிக்கு. போக வேண்டியவர் நாம். எனக்குக் கஷ்டமான இடமே இதுதான்.

18-ஆம் அதிகாரத்தில் வழியும் இருக்கிறது. தப்பு செய்தவரிடம் முதலில் தனியாகப் பேசு; கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அப்புறம்தான் சபை. நாம் செய்வது தலைகீழ். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதே பத்துப் பேரிடம் சொல்லியாயிற்று, சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாது.

பாலாற்றங்கரையில் சீமைக்கருவேல முள் காலில் ஒடிந்துவிட்டால் மேலே மஞ்சள் பூசினால் போதுமா? ஊக்கை வைத்து நோண்டி எடுத்தால்தான் சீழ் பிடிக்காது. மனம்விட்டுப் பேசுவதும் அப்படித்தான், கொஞ்சம் வலிக்கும்.

மன்னித்துவிட்டால் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு போகணும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அடிக்கிற கணவனை மன்னித்த பெண் காட்பாடியில் அம்மா வீட்டிலேயே இருந்துவிடலாம், போலீஸுக்கும் போகலாம்.