தோட்டத்துரையின் ஊரைத் தேடி: ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் குடும்பம் 1970-களில் இலங்கையிலிருந்து கோத்தகிரிக்கு வந்தது. என் பாட்டி 1896-இல் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே துரையாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண். இருவருக்கும் பதிவுத் திருமணம் நடக்கவில்லை. துரையின் முழுப்பெயர் தெரியும். அவர் புகைப்படத்தின் பின்னால் 'கின்கார்டின்ஷயர்' என்று எழுதியிருக்கிறது. பாட்டி பிறந்தபோது துரைக்கு முப்பது, முப்பத்தைந்து வயது என்று பாட்டியின் அம்மா சொன்னதாகக் கேள்வி. இணையத்தில் தேடினால் அதே பெயரில் ஐந்தாறு பேர் வருகிறார்கள். இவர்களில் எங்கள் ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்காட்லாந்துக்கே போக வேண்டுமா?

பதில்: போக வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவையான பதிவேடுகளில் பெரும்பகுதி ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' இணையதளத்தில் இருக்கிறது. பெயர்ப் பட்டியலைத் தேடுவதற்குக் கணக்குத் தொடங்கினால் போதும். மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கட்டணம். 'ஃபேமிலிசர்ச்' தளத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் பற்றிய சுருக்கங்கள் இலவசமாகவே கிடைக்கும். முதலில் அங்கே துழாவிவிட்டு, தேவைப்படும் பக்கத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

ஆனால் அந்த ஐந்தாறு பேரில் ஒருவரை இப்போதே உங்கள் ஆள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் புழங்கிய பெயர்கள் கொஞ்சம்தான். ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது அங்கே சாதாரணம். ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டுபவை இரண்டு: அவர் பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதி), அவருடைய தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவிலும், அவர்களுடைய இறப்புப் பதிவிலும், பல சமயம் கல்லறைக் கல்லிலும் அது இருக்கும். தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி அந்த நாட்டுப் பதிவேடுகளில் வேறில்லை.

கின்கார்டின்ஷயர் என்பது மாவட்டத்தின் பெயர். அபர்டீனுக்குத் தெற்கே இருக்கும் விவசாயப் பகுதி. 'மேர்ன்ஸ்' என்றும் சொல்வார்கள். ஃபோர்டூன், லாரன்ஸ்கர்க், ஆர்பத்நாட், க்ளென்பெர்வி, ஃபெட்டர்கெய்ர்ன், டனாட்டர் என்று பல பாரிஷ்களாகப் பிரிந்திருந்தது. இலங்கையில் தேயிலையை முதன்முதலில் வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லர் ஃபோர்டூன்காரர்தான். 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அவர் தேயிலை வைத்தார். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து பல இளைஞர்கள் இலங்கை மலைகளுக்கு வந்திருக்கிறார்கள். எனவே உங்கள் புகைப்படக் குறிப்பு நம்பத் தகுந்ததாகவே படுகிறது. இனி அந்த மாவட்டத்தை ஒரு பாரிஷாகச் சுருக்க வேண்டும்.

அதற்கு முன் இலங்கைப் பக்கம் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. கொழும்பில் ஃபெர்குசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த 'சிலோன் டைரக்டரி'யில் தோட்டங்களின் பெயரும் அங்கே பணியாற்றிய துரைகளின் பெயரும் இருக்கும். உங்கள் துரையின் பெயர் முதன்முதலில் எந்த ஆண்டுத் தொகுதியில் வருகிறது, எந்த ஆண்டோடு மறைகிறது என்று பாருங்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் சுலபம். இந்த இரண்டு ஆண்டுகளும் உங்கள் தேடலுக்கு வேலி போட்டுவிடும். உதாரணத்துக்கு, 1885-இல் முதலில் தென்படுகிறார் என்றால், 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் ஸ்காட்லாந்தில் இருந்திருக்க அதிக வாய்ப்பு. 1891-இல் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஒன்றைக் கவனியுங்கள்: இலங்கை பிரிட்டிஷ் இந்தியாவோடு சேராமல், பிரிட்டிஷ் அரசின் தனிக் குடியேற்ற நாடாக இருந்தது. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களின் சர்ச் பதிவுப் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் தொகுப்பில் இருக்கின்றன. டிக்கோயா துரையை அதில் தேடிப் பலர் காலத்தை வீணாக்குகிறார்கள்.

இப்போது ஸ்காட்லாந்துக்கு வருவோம். 1896-இல் முப்பது, முப்பத்தைந்து வயது என்றால் 1861-க்கும் 1866-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். இது உங்கள் நல்வாய்ப்பு. 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கத்தில் பதிவது கட்டாயமாயிற்று. 1861-லிருந்து பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், நேரம், வீடு, தந்தையின் தொழில், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் ஆகியவற்றோடு, பெற்றோருக்கு எந்த நாளில் எந்த ஊரில் திருமணம் நடந்தது என்பதும் இருக்கும். இங்கிலாந்துப் பிறப்புச் சான்றில் இது கிடையாது. ஒரே தாளில் ஒரு தலைமுறை பின்னுக்குப் போய்விடலாம். வயதை நம்பி ஐந்து ஆண்டோடு நிறுத்தாமல், 1858 முதல் 1869 வரை கின்கார்டின்ஷயரில் அந்தப் பெயரில் பிறந்த எல்லோரையும் பட்டியல் எடுங்கள். வாய்வழி வந்த வயது நாலைந்து வருடம் தள்ளியே இருக்கும்.

பட்டியலில் ஆறு பேர் வந்தால், கழிக்கும் வேலை தொடங்குகிறது. பலரும் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். குடும்ப மரங்கள் தப்பாகிப்போவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் இறப்புப் பதிவுகளைப் பாருங்கள். ஐந்து வயதுக்குள் இறந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் அதிகம். இரண்டு பேர் அங்கேயே கழிந்துவிடலாம். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. அதனால் ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவு இருந்தால் குழம்ப வேண்டாம். மிச்சமிருப்பவர்களை 1871, 1881, 1891 கணக்கெடுப்புகளில் பின்தொடருங்கள். 1891-இல் லாரன்ஸ்கர்க்கில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு உழவு வேலை பார்க்கும் ஒருவர் அதே நேரத்தில் டிக்கோயாவில் துரையாக இருந்திருக்க முடியாது. கடைசியில், ஸ்காட்லாந்தில் எந்தத் தடமும் இல்லாமல் மறைந்துபோகிற ஒருவர் மிஞ்சுவார். அவரைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. துரைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுப்பில் ஊருக்குப் போவார்கள். 1901 அல்லது 1911 கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் தேயிலைத் தோட்டக்காரர் என்று எழுதிய ஒருவர் பெற்றோர் வீட்டில் இருப்பதாகக் கண்டால், அவரைக் கழித்துவிடாதீர்கள். உங்கள் ஆளே கிடைத்துவிட்டார் என்று நினைக்க இடமிருக்கிறது.

கணக்கெடுப்புகள் 1841-லிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தன. நூறு ஆண்டுகள் பூட்டி வைப்பது விதி; 1921 வரை இப்போது திறந்திருக்கிறது. 1841-ஐ மட்டும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். வீட்டிலிருப்பவர்களின் உறவுமுறையும் அதில் இல்லை. 1851-லிருந்துதான் உறவுமுறையும் பிறந்த பாரிஷும் வருகின்றன. 1861-இல் ஸ்காட்லாந்து இன்னொரு கேள்வியையும் சேர்த்தது: வீட்டில் ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை? அந்த ஓர் எண்ணிலேயே ஒரு குடும்பத்தின் வசதி தெரிந்துவிடும். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் முகவரி மாறினால் அது வேறு குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணையாட்கள் ஆறு மாதம் அல்லது ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார்கள். தவணை முடிந்ததும் அடுத்த பண்ணைக்கு மூட்டை கட்டினார்கள். வீடு மாறும், பாரிஷ்கூட மாறும். பிள்ளைகள் பிறந்த ஊர்களின் வரிசைதான் அவர்கள் நடந்த வழியைக் காட்டும்.

துரையின் பெற்றோர் 1855-க்கு முன் திருமணம் செய்திருந்தால், அங்கிருந்து பின்னோக்கிப் போக 'பழைய பாரிஷ் பதிவேடுகள்' வேண்டும். இவை ஸ்காட்லாந்துத் திருச்சபை வைத்திருந்தவை. மிகப் பழையது 1553-இல் தொடங்குகிறது. ஆனால் பல பாரிஷ்களில் 18-ஆம் நூற்றாண்டு வரை ஒழுங்கான பதிவே கிடையாது. எழுதியவர் பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியர். அவர் அக்கறையைப் பொறுத்தே பதிவேட்டின் தரம். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர், அவர்கள் இருந்த பண்ணை, இரண்டு சாட்சிகள் என்று இருந்தால் அதிர்ஷ்டம். சாட்சிகளின் பெயரை விட்டுவிடாதீர்கள், பல சமயம் அவர்கள் சித்தப்பாவோ மாமாவோ ஆக இருப்பார்கள். திருமணம் என்று அதில் இருப்பது பெரும்பாலும் திருமணத்துக்கு முன் சபையில் வாசிக்கும் அறிவிப்பு. மணமகன் பாரிஷ், மணமகள் பாரிஷ் இரண்டிலும் பதிவாகியிருக்கலாம். ஒன்றில் இல்லாத தகவல் மற்றதில் இருக்கும், இரண்டையும் பாருங்கள். அடக்கப் பதிவுகள் மிகக் குறைவு. சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணிக்குக் கொடுத்த வாடகைக் கணக்குதான் சில ஊர்களில் ஒருவர் இறந்ததற்கு ஒரே சான்று. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால், அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஏழைகள் பதியாமலே விட்டிருப்பார்கள்.

பெயர்கள் ஓரளவு வழிகாட்டும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் இதைத் தேடுவதற்கான துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சான்றாக ஏற்காதீர்கள். ஜேனட் என்பவர் இன்னொரு தாளில் ஜெஸ்ஸி ஆவார், பேட்ரிக் பீட்டர் ஆவார். அதற்கும் தயாராக இருங்கள்.

பாரிஷ் பதிவேட்டில் குடும்பமே இல்லையென்றால், அவர்கள் வேறு சபையைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். 1843-இல் தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஸ்காட்லாந்துத் திருச்சபையை விட்டு வெளியேறி சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள்; பாதிக் குடும்பங்கள் அவர்களோடு போன ஊர்களும் உண்டு. உங்கள் மேர்ன்ஸ் பகுதிக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அங்கே, பிஷப்புகளின் தலைமையை ஏற்ற தனிச் சபையான எபிஸ்கோப்பல் சபைக்குப் பலம் அதிகம். 1748-49 குளிர்காலத்தில் அந்தச் சபையின் மூன்று போதகர்களை ஸ்டோன்ஹேவன் சிறையில் அடைத்தபோது, மீனவப் பெண்கள் குழந்தைகளை மீன்கூடையில் சுமந்து வந்து சிறை ஜன்னல் கம்பி வழியாக ஞானஸ்நானம் பெற்றுப் போனார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களைப் பாரிஷ் பதிவேட்டில் மட்டும் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்?

துரையின் பிறப்புப் பதிவிலேயே தந்தை பெயர் இல்லாமல் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கின்கார்டின்ஷயரும் அபர்டீன்ஷயரும் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் அதிகம் இருந்த பகுதிகள். தந்தை நேரில் வந்து தாயோடு கையெழுத்திட்டால்தான் அவர் பெயரை எழுதுவார்கள். அப்படியானால் பதிவின் ஓரத்தைப் பாருங்கள்: நீதிமன்றம் பிறகு தந்தையைத் தீர்மானித்திருந்தால், திருத்தப் பதிவேட்டுக்கு ஒரு குறிப்பு இருக்கும். 'கிர்க் செஷன்' என்ற சபை மூப்பர் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளும் உதவும். மணமாகாத தாயை அழைத்து விசாரித்து, தந்தை யார் என்று எழுதி வைத்தது அந்தக் குழுதான். அந்தப் பெண்களைச் சபை நடத்திய விதத்தைப் படிக்கும்போது மனம் வலிக்கும். ஆனாலும் வேறெங்கும் கிடைக்காத பெயர் அங்கே கிடைத்திருக்கிறது. இந்த ஏடுகளின் படங்களும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் ஏறியுள்ளன. பெயர் அட்டவணை கிடையாது. ஆண்டு பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

மிஞ்சிய ஒருவர்தான் டிக்கோயா துரை என்று உறுதிசெய்ய, கடலின் இரு கரையையும் இணைக்கும் ஒரு தாளாவது வேண்டும். ஸ்காட்லாந்து உயில்கள் 1925 வரை அதே தளத்தில் உள்ளன. தந்தையின் உயிலில் சிலோனில் இருக்கும் மகன் என்று ஒரு வரி இருந்தால் போதும். வெளிநாட்டில் இறந்தவருக்கு ஸ்காட்லாந்தில் சொத்து இருந்தால், அந்த ஆவணம் எடின்பரோ நீதிமன்றப் பதிவுகளில் இருக்கும். பெற்றோரின் கல்லறைக் கல்லில் வெளிநாட்டில் இறந்த மகனின் பெயரையும் பொறிப்பது அங்கே வழக்கம். அபர்டீன் மற்றும் வடகிழக்கு ஸ்காட்லாந்துக் குடும்ப வரலாற்றுச் சங்கம் அந்தப் பகுதிக் கல்வெட்டுகளைக் கல்லறை கல்லறையாக எடுத்து நூல்களாக்கியிருக்கிறது. அவர்களுக்கு எழுதும்போது பெயரை மட்டும் அனுப்பாமல், பாரிஷ், பிறந்த ஆண்டு, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். துரை இலங்கையிலேயே இறந்திருந்தால், அங்கே இருக்கும் யாரிடமாவது டிக்கோயா வார்லீ ஆலயக் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தாலும், அவர் உங்கள் பாட்டியின் அப்பா என்று ஸ்காட்லாந்துத் தாள் எதுவும் சொல்ல வாய்ப்பில்லை. அதற்கு மரபணுச் சோதனைதான் வழி. பாட்டியின் பிள்ளைகளில் யாராவது உயிரோடிருந்தால் அவர்களிடம் முதலில் மாதிரி எடுங்கள். அவர்கள் துரைக்கு உங்களைவிட ஒரு தலைமுறை நெருக்கம். தாளில் கிடைத்த தாயின் குடும்பப் பெயர், மரபணு ஒத்துப்போகும் உறவினர்களின் குடும்ப மரங்களிலும் வந்தால் சந்தேகம் நீங்கிவிடும். அந்த உறவினர்களுக்கு எழுதும்போது, முதல் கடிதத்தில் ஊரையும் தாத்தா பாட்டி பெயர்களையும் மட்டும் கேளுங்கள். தோட்டத்தில் நடந்ததை அவர்கள் முதன்முறையாக உங்களிடமிருந்தே கேள்விப்படலாம். இரண்டாவது கடிதத்தில் புகைப்படத்தின் பிரதியோடு சொல்லுங்கள். கொழுந்து பறித்த அந்த அம்மாவின் பெயரையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.