கை தட்டினால் எலி காதை அசைக்கிறது, அது போதுமா?

கேள்வி: சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கொடுத்த வெள்ளெலிகளுக்குச் செவித்திறன் குறைகிறதா என்று பார்க்கிறோம். கை தட்டினால் எல்லாமே காதை அசைக்கின்றன. பாதிப்பில்லை என்று எழுதிவிடலாமா? (மருந்தியல் ஆய்வு மாணவி)

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த அசைவுக்குப் பிரேயர் அனிச்சை என்று பெயர். எலி முழுச் செவிடா என்பதை மட்டும்தான் அது தோராயமாகக் காட்டும்.

சிஸ்பிளாட்டினும் ஜென்டாமைசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் முதலில் கைவைப்பது காக்லியாவின் (உட்காதிலுள்ள நத்தை வடிவ உறுப்பு) அடிப்பகுதியில் உள்ள வெளி மயிர்ச்செல்களில் (ஒலியைப் பெருக்கித் தரும் செல்கள்). உயர் அதிர்வெண்களைப் பிடிக்கும் இடம் அது. வெள்ளெலிக்குச் சுமார் 80 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்த உயர் அதிர்வெண்களை இழந்த எலியும், மிச்சமுள்ள செவித்திறனை வைத்துக் கைதட்டலுக்குக் காதை அசைத்துவிடும்.

உங்களுக்குத் தேவை ஏபிஆர் (ABR) பரிசோதனை, அதாவது ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் மறுமொழியை அளப்பது. எலிக்கு மயக்கம் கொடுத்து, உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் ஊசி மின்முனைகளைச் செருகி, ஒரே ஒலியை நூற்றுக்கணக்கான முறை கேட்கவைத்து, மூளைத்தண்டிலிருந்து வரும் அலையின் சராசரியை எடுப்பார்கள். ஒலியை 5 டெசிபல் படிகளில் குறைத்துக்கொண்டே போனால், அலை கடைசியாகத் தெரியும் அளவுதான் திரெஷோல்டு. கிளிக் ஒலியோடு நிறுத்திவிடாதீர்கள், அதிலும் பல அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. 8, 16, 32 கிலோஹெர்ட்ஸ் டோன்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். மருந்தின் வேலை பெரும்பாலும் 32-இல்தான் முதலில் தெரியும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது, மருந்து தொடங்கும் முன்பே ஒவ்வொரு எலிக்கும் ஏபிஆர் எடுத்துவைப்பதை. அது இல்லாமல் பின்னால் வரும் எண்ணுக்கு அர்த்தம் சொல்வது கஷ்டம். அன்றைக்கே காதுக்குள்ளும் பாருங்கள். நடுக்காதில் அழற்சி இருந்தாலும் திரெஷோல்டு ஏறும், பழி மருந்தின் மேல் விழும். மருந்து கலக்காத கரைசல் மட்டும் பெறும் குழுவும் வேண்டும். அலையைப் படிப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக்கூடாது, ஏனென்றால் திரெஷோல்டைக் கண்ணால் முடிவு செய்யும்போது எதிர்பார்ப்பு நம்மை இழுத்துவிடும்.

மயக்கத்தில் எலியின் உடல் சூடு சட்டென்று இறங்கும். இறங்கினால் அலைகள் தாமதமாக வரும். வெப்பத்தட்டில் வைத்து 37 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பிடியுங்கள். சிஸ்பிளாட்டின் பெற்ற எலி எடை குறைந்து, சிறுநீரகம் நலிந்து இருக்கும், மயக்கத்தைத் தாங்குவதே சிரமம். எடையைத் தினமும் பாருங்கள், திரவம் கொடுங்கள். இது எலிக்காகவும்தான், உங்கள் முடிவுக்காகவும்தான்.

சரி, எப்போது அளப்பது? கடைசி ஊசி போட்ட கையோடு அளந்து முடித்துவிடாதீர்கள். சேதம் அதற்குப் பிறகும் வளரலாம். சில நாள் கழித்து ஒருமுறை, இன்னும் தள்ளி ஒருமுறை அளப்பது நல்லது.

வசதி இருந்தால் டிபிஓஏஈ-யும் (DPOAE, இரண்டு டோன்களைக் கேட்கவைத்து, காது திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் பரிசோதனை) சேருங்கள். வெளி மயிர்ச்செல்கள் வேலை செய்கின்றனவா என்பதை அது நேரடியாகவே காட்டும். கடைசியில் காக்லியாவை எடுத்து, அடிப்பகுதியிலிருந்து நுனி வரை மயிர்ச்செல்களை எண்ணுங்கள். 32 கிலோஹெர்ட்ஸில் திரெஷோல்டு ஏறிய எலிக்கு அடிப்பகுதியில் செல்கள் குறைந்திருந்து, கரைசல் மட்டும் பெற்ற குழுவில் அப்படி இல்லையென்றால், பாதிப்பு மருந்தால் வந்தது என்று தைரியமாக எழுதலாம்.