எஸ்எஸ்டி போய்விட்டது: மலையில் இருந்துகொண்டே குறைந்த செலவில் மாற்ற முடியுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். கோவையில் படிக்கும் என் மகளின் மடிக்கணினி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரி நிற்காததால் ஓராண்டாகச் சார்ஜரைச் செருகியபடியேதான் பயன்படுத்தி வந்தாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, மழைநாளில் மின்சாரம் நான்கைந்து முறை போய்ப் போய் வந்தது. அதன்பின் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற வரி மட்டுமே வருகிறது. எஸ்எஸ்டியும் (விண்டோஸும் கோப்புகளும் சேமிக்கப்பட்டிருக்கும் உறுப்பு) மதர்போர்டும் (எல்லா உறுப்புகளையும் இணைக்கும் முதன்மைப் பலகை) போய்விட்டன, 14,000 ரூபாய் ஆகும், பேசாமல் புதிதாக வாங்கிவிடுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த 14,000 ரூபாய்க் கணக்கைத் தள்ளி வையுங்கள். திரையில் அந்த வரி வருகிறது என்றாலே மதர்போர்டு உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஏனென்றால் பிராசசரையும் திரையையும் எழுப்பிவிட்டு, விண்டோஸ் இருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்து, காணவில்லை என்று அறிவிப்பதே மதர்போர்டுதான். இதைக் காசு செலவின்றி உறுதிசெய்துகொள்ளலாம். விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு என்ற இயங்குதளத்தை 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றித் தரும்படி தெரிந்த கல்லூரி மாணவர் யாரையாவது கேளுங்கள். அதைச் செருகி, கணினியில் நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், எஸ்எஸ்டி இல்லாமலேயே கணினி இயங்கும். திரை வந்து, வைஃபை இணைந்து, அரை மணி நேரம் அணையாமல் ஓடினால், மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னவரிடம் திரும்பிப் போக வேண்டியதில்லை.

அடுத்து, எஸ்எஸ்டி உண்மையிலேயே இறந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கணினியை இயக்கியவுடன் எஃப்2 விசையை (எச்பி என்றால் எஃப்10) விட்டுவிட்டு அழுத்தினால், கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரை வரும். அதில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்தால், கெட்டது விண்டோஸ் மட்டுமாக இருக்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் உடனே முடிவுகட்ட வேண்டாம். சென்ற மழைக்காலத்தில் மஞ்சூர்ப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை இதே நிலையில் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அவரிடமும் மதர்போர்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள். பின்மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகைக் கழற்றினேன். விரல் நீளமே உள்ள அந்தப் பலகை ஒரு பக்கம் மெல்ல எழும்பி நின்றது. அதன் தங்க நிறப் பற்களில் மூச்சு பட்ட கண்ணாடியைப் போல மங்கலான ஒரு படலம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, மறுபடி அழுத்திப் பொருத்தியதும் விண்டோஸ் வந்துவிட்டது. மாதக்கணக்கில் பனியும் சாரலும் இறங்கும் ஊரில் இந்தச் சோதனையைச் செய்யாமல் விலை சொல்பவரை நான் நம்புவதில்லை.

அதற்கும் அசையவில்லை என்றால் புதிய எஸ்எஸ்டி வாங்கத்தான் வேண்டும். பழையதைக் கழற்றி, இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி கணினியோடு பேசும் முறையில் என்விஎம்இ, சாட்டா என்று இரு வகை உண்டு. லேபிளில் என்விஎம்இ என்று இருந்தால் என்விஎம்இ, சாட்டா என்று இருந்தால் சாட்டாதான் வாங்க வேண்டும். வடிவம் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றி வாங்கி ஏமாறுபவர்கள் மிக அதிகம். நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 என்றால் நீளம் 42 மட்டுமே. வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் பயன்படும் கணினிக்கு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எளிய வகையே தாராளம். 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவருவதால், சென்ற ஆண்டு பக்கத்து வீட்டார் கொடுத்த விலையோடு ஒப்பிடாமல், அதே மாடல் எண் இன்று இரண்டு இணையக் கடைகளில் என்ன விலை என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது இந்த இடத்தில்தான். பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதத்தைக் கழித்துத் தருகிறேன் என்பார்கள். ஒப்புக்கொண்டால், நிறுவனம் தரும் மூன்று அல்லது ஐந்து ஆண்டு வாரண்டியைக் கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு தாள்கூட இருக்காது. பில்லில் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணும் எழுதப்பட வேண்டும். பழைய கணினிகளிலிருந்து கழற்றியவற்றுக்குப் புது லேபிள் ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பொருத்திய பின், பணம் கொடுக்கும் முன், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது அதில் தெரியும். புதியது என்று விற்கப்படுவதில் அது ஆயிரக்கணக்கில் இருந்தால் வாங்காமல் எழுந்துவிடுங்கள். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி, 4 டிபி என்று விளம்பரம் செய்யப்படுபவற்றில் பல, உள்ளே சிறிய நினைவட்டையை வைத்துக்கொண்டு கொள்ளளவைப் பொய்யாகக் காட்டுபவை.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மிக மலிவான சில மடிக்கணினிகளில் சேமிப்பகம் தனிப் பலகையாக இல்லாமல் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இதனை இஎம்எம்சி என்பார்கள். கொள்ளளவு 32, 64 அல்லது 128 ஜிபி என்றிருந்து, மூடியைத் திறந்தால் கழற்றக்கூடிய எதுவுமே தென்படவில்லை என்றால், அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மட்டும் கடைக்காரர் மதர்போர்டு என்று சொல்வதில் அர்த்தம் உண்டு. அப்போதும், அதே பலகையில் எஸ்எஸ்டி பொருத்துவதற்கான எம்.2 என்ற செருகிடம் ஒன்று காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் புதிய எஸ்எஸ்டியைப் போட்டுத் தப்பிக்கலாம். அதுவும் இல்லையென்றால், யுஎஸ்பி வழியாக வெளியே இணைக்கும் எஸ்எஸ்டியில் உபுண்டுவை நிறுவி, படிப்பு முடியும்வரை ஓட்டலாம். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக, தேய்ந்துபோகக்கூடிய உறுப்பையே கழற்ற முடியாதபடி பற்றவைத்து விற்பதை எப்படி அனுமதிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பழுதுநீக்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 24 அன்று தனி இணையதளமே தொடங்கியது. ஆனால் கோத்தகிரியில் இருப்பவர் ஓர் உதிரிபாகத்தின் விலையை நேராகத் தெரிந்துகொள்ள இன்றும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இறங்கினாலும் கணினியை விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள். பில் கொடுத்து ஏமாற்றியவர் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். கணினியுடன் வந்த விண்டோஸின் உரிமம் மதர்போர்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அதே பதிப்பைப் புதிய எஸ்எஸ்டியில் நிறுவி இணையத்தில் இணைத்ததும் தானே ஏற்றுக்கொள்ளும். நிறுவும்போது டிஸ்க் எதுவும் இல்லை என்று திரை காட்டினால், உங்கள் எஸ்எஸ்டி பொருந்தவில்லை, வேறு வாங்குங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நான்கு ஆண்டுக்குள் வந்த இன்டெல் கணினிகள் பலவற்றில் சேமிப்பகத்தைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால்தான் அப்படிக் காட்டுகிறது; கணினி நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக் கொடுத்தால் போதும்.

பழைய எஸ்எஸ்டியைக் கடையில் விட்டுவர வேண்டாம். மகளின் பாடக்குறிப்புகளும் படங்களும் அதில்தான் இருக்கின்றன. பழுதானதுதானே என்று கேட்டு வாங்கிக்கொள்ள முயல்வார்கள், கொடுக்காதீர்கள். பின்னாளில் தரவு மீட்பவரிடம் அனுப்புவதாக இருந்தால், கிடைத்தால் மட்டுமே கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டுக்கான 48 இலக்க மீட்புச் சாவி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். எஸ்எஸ்டி அப்படிப் பூட்டப்பட்டிருந்தால், அந்தச் சாவி இல்லாமல் எவராலும் எதையும் படிக்க முடியாது.

கடைசியாகப் பேட்டரி. எஸ்எஸ்டி எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுபட்டால், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று அது வைத்திருக்கும் உள்கணக்குக் குலைந்துபோகலாம். நல்ல பேட்டரி இருந்தால் மின்வெட்டைக் கணினி உணர்வதேயில்லை. நிற்காத பேட்டரியுடன் ஓராண்டு ஓடிய உங்கள் கணினியோ, ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த அடியை நேரே வாங்கியிருக்கிறது. எஸ்எஸ்டி போனதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். எனவே எஸ்எஸ்டிக்கு ஒதுக்கும் தொகையோடு பேட்டரிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். இந்த மாதம் இரண்டும் முடியாது என்றால், பேட்டரி வரும்வரை வீட்டில் கணினியை ஒரு சிறிய யுபிஎஸ் வழியாக மட்டுமே இணைக்கச் சொல்லுங்கள்.